ஏழு பன்னிரண்டு வண்டி

மினுக்கினால் விமானம். சிவப்பும் பச்சையுமாக விளக்குப் போட்டுக்கொண்டு போனால் சந்தேகமே வேண்டாம், விமானம்தான். சத்தம் கேட்டாலும் விமானம். ஒரே சீரான வெள்ளை வெளிச்சமாக, சத்தமில்லாமல், எங்கும் நிற்காமல் வானத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நழுவிப் போனால் அதுதான் நம் ஆள். மாடிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் எடுக்கும் பாடம் இவ்வளவுதான்.

சர்வதேச விண்வெளி நிலையத்தைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் அதற்கு 'வண்டி' என்று பெயர். "இன்னைக்கு வண்டி எத்தனை மணிக்குடா?" என்று அக்கா கோயம்புத்தூரிலிருந்து போனில் கேட்பாள். "ஏழு பன்னிரண்டுக்கு" என்பேன். பக்கத்தில் இருப்பவர்கள் நான் எங்கேயோ ஊருக்குக் கிளம்புகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் இருப்பது நாகப்பட்டினத்தில். ஏழு பன்னிரண்டுக்கு இங்கிருந்து எந்த ஊருக்கு ரயில் என்று ஒருவர் யோசிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

வானம் பார்க்கிற பொழுதுபோக்குகளில் இதைப்போல மலிவானது வேறு இல்லை. நெபுலா, கேலக்ஸி என்று கிளம்பினால் தொலைநோக்கி வேண்டும், ஊர் வெளிச்சம் எட்டாத இடம் தேடி ஏலகிரிக்கோ கொல்லிமலைக்கோ போக வேண்டும், அப்புறம் பனியில் உட்கார வேண்டும். வண்டிக்கு எதுவும் வேண்டாம். தியாகராய நகர் நடுவில், சோடியம் விளக்குக்குக் கீழே நின்றாலும் தெரியும். நல்ல நாளில் வெள்ளிக் கிரகத்தோடு போட்டி போடுகிற வெளிச்சம். தொலைநோக்கி இருந்தால் உண்மையில் இடைஞ்சல்தான். ஆள் நிற்கவே மாட்டான், குழாயைத் திருப்புவதற்குள் போய்விடுவான். வெறும் கண், ஒரு மொட்டை மாடி, சரியான நேரம். மூன்றும் இருந்தால் போதும்.

நாம் பார்ப்பது அதன் விளக்கை அல்ல. நீளவாக்கில் 109 மீட்டர், எடை ஏறத்தாழ 420 டன். பெரிய பெரிய சூரியத் தகடுகளோடு 400 கிலோமீட்டருக்குச் சற்று மேலே போய்க்கொண்டிருக்கும் அந்தக் கட்டடத்தில் வெயில் பட்டுத் தெறிப்பதைத்தான் பார்க்கிறோம். அதனால்தான் நடு ராத்திரியில் நம் ஊரில் தெரியாது. அப்போது அதுவும் பூமியின் நிழலுக்குள் இருக்கும். பகலில் வானம் வெளுத்துக் கிடக்கும். மிஞ்சுவது சூரியன் மறைந்த பிறகு ஒன்று, ஒன்றரை மணி நேரமும், உதிப்பதற்கு முன்னால் அதே அளவும்தான். தரையில் நமக்கு இருட்டிவிட்டது, மேலே அதற்கு இன்னும் வெயில் அடிக்கிறது. அந்த இடைவெளிக்குள் அது நம் தலைக்கு மேலே வந்தாக வேண்டும். வந்தாலும் அதிகபட்சம் ஆறு நிமிடம்.

அக்காவுக்கும் எனக்கும் இது எப்படிப் பொதுவான விஷயமானது என்பதற்குப் பெரிய கதை எதுவும் இல்லை. அப்பா போன பிறகு தினமும் பேசுவது என்று வைத்துக்கொண்டோம். தினமும் பேச விஷயம் வேண்டுமே. சாப்பிட்டியா, மழை பெய்ததா, முட்டி வலி எப்படி இருக்கிறது என்பதை எல்லாம் முடித்த பிறகு இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்போம். அந்த இடத்தில் வண்டி வந்து உட்கார்ந்தது.

இதில் ஒரு வசதி இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் இருப்பதால் ஒரே நேரத்தில் எத்தனையோ ஊர்க்காரர்களுக்கு அது தெரியும். திருச்சிக்கு மேலே அது வரும்போது கோவை, நாகை மட்டுமல்ல, சென்னை, யாழ்ப்பாணம், கொழும்பு, ஹைதராபாத், மும்பை எல்லாருக்குமே அடிவானத்துக்கு மேலேதான் இருக்கும். தூரத்து ஊர்க்காரர்களுக்குத் தாழ்வாக, பக்கத்து ஊர்க்காரர்களுக்கு உச்சிக்கு அருகில். நிலாவையும்தான் எல்லாரும் ஒரே நேரத்தில் பார்க்கிறோம், ஆனால் நிலா எல்லாருக்கும் ஒரே இடத்தில் நிற்கும். வண்டி அப்படி இல்லை. எனக்கு மேற்கே தெரிகிற அதே விநாடியில் அக்காவுக்குக் கிழக்கே தெரியும்.

இதை வைத்து நாங்கள் ஒரு கணக்குப் போட்டோம். ஒரு நாள் வண்டி வடமேற்கிலிருந்து தென்கிழக்காகக் குளித்தலைக்கு மேலே குறுக்காகப் போகிறது என்று தெரிந்தது. வரைபடத்தில் அளந்தால் கோவைக்கும் நாகைக்கும் நேர்க்கோட்டில் சுமார் 314 கிலோமீட்டர், குளித்தலை அநேகமாக நடுவில். ஆளுக்கு 157. போனில் பேசிக்கொண்டே, அது குளித்தலைக்கு மேலே வரும் விநாடியில் எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் போகிறது என்று இருவரும் குறித்துக்கொண்டோம். அந்த நேரத்தில் அந்த நட்சத்திரம் எத்தனை டிகிரி உயரத்தில் இருந்தது என்பதை நட்சத்திர ஆப் சொல்லிவிடும். அவளுக்குக் கிழக்கே 68 டிகிரி, எனக்கு மேற்கே 68 டிகிரி, கொஞ்சம் முன்னே பின்னே. பத்தாம் வகுப்பு முக்கோணவியல். 157ஐ 68 டிகிரியின் டேன்ஜெண்டால் பெருக்கினால் 389 கிலோமீட்டர் வந்தது.

இங்கே என் மருமகன் நுழைந்தான். அக்காவின் மகன், பொறியியல் படிக்கிறான். "மாமா, பூமி தட்டையா இருந்தா இந்தக் கணக்கு சரி" என்றான். கோவையில் 'நேர் மேலே' என்பதும் நாகையில் 'நேர் மேலே' என்பதும் ஒரே திசை இல்லை. பூமி உருண்டை என்பதால் இரண்டும் ஒன்றுக்கொன்று 2.8 டிகிரி சாய்ந்திருக்கின்றன. ஆளுக்குப் பாதி, 1.4. அதைக் கூட்டி 69.4 என்று வைத்துப் பெருக்கினால் 418. அன்றைக்கு நிலையம் இருந்த உயரத்துக்கு அநேகமாகச் சரியாக வந்தது. கண்ணால் குறித்ததில் ஒரு டிகிரி அங்கே இங்கே போயிருக்கும், அது இவ்வளவு கிட்டத்தில் வந்தது அதிர்ஷ்டம் என்று அவனே ஒத்துக்கொண்டான். ஆனால் கோவை மாடியும் நாகை மாடியும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் சாய்ந்து நிற்கின்றன என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தால் இப்படி மனதில் நின்றிருக்காது. இரண்டு மாடிகளும் நேராகத்தான் கட்டப்பட்டவை என்று அக்கா கொஞ்ச நேரம் வாதாடினாள்.

வேகத்தையும் சொல்லிவிடுகிறேன். விநாடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல். கோவையிலிருந்து நாகைக்கு வர அக்கா ராத்திரி பஸ் ஏறினால் விடியும். வண்டிக்கு முக்கால் நிமிடம்.

எனக்குப் பிடித்த கட்டம் அது உச்சிக்கு வருவது அல்ல, அணைவது. மாலை நேரத்தில் வண்டி மேற்கில் எழுந்து கிழக்குப் பக்கமாகத்தான் இறங்கும். கிழக்கில் பூமியின் நிழல் ஏற்கெனவே எழும்பிக்கொண்டிருக்கும். எங்கள் ஊரில் அந்தப் பக்கம் கடல். தென்கிழக்காகக் கடலுக்கு மேலே போய்க்கொண்டிருக்கும் வெள்ளைப் புள்ளி, அடிவானத்தைத் தொடுவதற்கு வெகு முன்னாலேயே மங்க ஆரம்பிக்கும். முதலில் கொஞ்சம் மஞ்சள். அப்புறம் செம்பு நிறம். பத்துப் பதினைந்து விநாடிக்குள் ஒன்றுமில்லை. பைனாகுலரில் பிடித்துக்கொண்டிருந்தால் மங்கிய சிவப்பாக இன்னும் கொஞ்ச நேரம் தெரியும். அங்கே உள்ளே இருப்பவர்களுக்கு அது சூரிய அஸ்தமனம். பூமியின் காற்று மண்டலத்தை உரசிக்கொண்டு போகும் கடைசி வெயில் சிவந்துதானே இருக்கும். அந்தச் சிவப்புதான் நிலையத்தில் பட்டு நமக்கு வருகிறது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பூமியைச் சுற்றுவதால் ஒரு நாளைக்குப் பதினைந்து பதினாறு அஸ்தமனம் அவர்களுக்கு. அதில் ஒன்றை நாங்கள் மாடியில் இருந்து பங்கு போட்டுக்கொள்கிறோம்.

விடியற்காலை வண்டி இதற்கு நேர் எதிர். நிழலுக்குள் இருந்து வெளியே வரும். ஒன்றுமில்லாத இடத்தில், சில சமயம் நட்டநடு வானத்தில், திடீரென்று முளைத்து வெளுத்துக்கொண்டே போகும். பார்க்க அதுதான் அழகு என்பாள் அக்கா. நாலே முக்காலுக்கு எழுந்திருக்க முடிகிறவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.

எங்கள் மாடிக்கு நிரந்தரமாக வருகிறவர் எதிர்வீட்டு மாமா. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசு பூராவும் கம்பத்தில் ஏறி மேலே பார்த்தவர், அதனாலோ என்னவோ கழுத்து வலிக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கீழ்வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர். வற்றல் எடுக்க வந்து அப்படியே நின்றுவிடும் அவர்கள் அம்மா. பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்தான் கேள்விகள். "அதுல பாத்ரூம் இருக்கா?" இருக்கிறது. "அந்தத் தண்ணி எங்க போகும்?" எங்கேயும் போகாது, சிறுநீரையும் வியர்வையையும் சுத்தம் செய்து திரும்பக் குடிக்கிறார்கள், நூற்றுக்கு 98 பங்கு தண்ணீரை மீட்டுவிடுகிறார்கள் என்றதும் இரண்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு கீழே ஓடின. அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் இருந்து நாலைந்து புதுப் பிள்ளைகள் மாடிக்கு வந்தார்கள். செய்தி பரவிய விதம் எனக்குப் புரிந்தது.

மாமாவுக்கு முதலில் வண்டி மேல் நம்பிக்கை இல்லை. காரணம் ஸ்கைலாப். 1973இல் அமெரிக்கா ஏவிய விண்வெளி நிலையம் அது, 77 டன். 1979 ஜூலை மாதம் கட்டுப்பாடு இல்லாமல் விழப்போகிறது, எங்கே விழும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்றபோது இந்தியா முழுக்கப் பீதி. மாமா அப்போது பையன். அவர் கிராமத்தில் எப்படியும் சாகத்தான் போகிறோம் என்று இருக்கிற கோழியை எல்லாம் அடித்துச் சாப்பிட்டுவிட்டார்களாம். ஜூலை 11ஆம் தேதி அது இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் விழுந்தது, ஆள் யாருக்கும் சேதம் இல்லை. எஸ்பரன்ஸ் என்ற ஊர் நிர்வாகம், குப்பை போட்டதற்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது. முப்பது வருஷம் கழித்து அமெரிக்காவில் ஒரு வானொலி அறிவிப்பாளர் நேயர்களிடம் வசூல் செய்து அதைக் கட்டினார். "எங்க கோழிக்கு யாரு தம்பி கட்டுறது?" என்றார் மாமா.

இப்படிக் கூட்டமாகக் கூடி மேலே பார்ப்பதற்கு ஒரு பழைய பரம்பரையே உண்டு. 1956இல், முதல் செயற்கைக்கோள் ஏவப்படுவதற்கு முன்பே, அமெரிக்காவில் ஃப்ரெட் விப்பிள் என்ற வானியலாளர் 'மூன்வாட்ச்' என்று ஒரு ஏற்பாட்டைத் தொடங்கினார். ஆசிரியர்கள், மாணவர்கள், கடைக்காரர்கள், வீட்டம்மாக்கள் எல்லாரும் வரிசையாக உட்காருவார்கள். ஆளுக்கு ஒரு சின்னத் தொலைநோக்கி, ஆளுக்கு ஒரு துண்டு வானம். யாருடைய துண்டைச் செயற்கைக்கோள் கடக்கிறதோ அவர் நேரத்தைக் குறிக்க வேண்டும். ஒருவரால் முழு வானத்தையும் பார்க்க முடியாது, ஆனால் வரிசை பார்த்துவிடும். 1957 அக்டோபரில் ஸ்புட்னிக் போனபோது இந்தக் கூட்டம் உலகம் முழுக்கத் தயாராக இருந்தது. அன்றைக்கு ஜனங்கள் வெறும் கண்ணால் பார்த்தது பெரும்பாலும் ஸ்புட்னிக் பந்தை அல்ல, அதைக் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கூடவே சுற்றிய ராக்கெட்டின் உடலை. அந்தக் கண்காணிப்புக்கான பெரிய பேக்கர்-நன் கேமராக்களில் ஒன்று நைனிடாலுக்கும் வந்தது. மூன்வாட்ச் 1975 வரை நடந்தது. ஒருவர் தவறவிட்டதை அடுத்தவர் பிடிப்பார் என்று வரிசையில் உட்கார்ந்த அந்த முறைதான் எனக்குப் பிடித்தது. கோவையில் மேகமாக இருந்தால் நான் அக்காவுக்காகப் பார்க்கிறேன், இங்கே வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது அவள் எனக்காகப் பார்க்கிறாள். "இப்ப வந்துடுச்சு… இப்ப அந்தப் புளிய மரத்துக்கு மேல… இதோ மேகத்துக்குள்ள போயிடுச்சு" என்று போனில் வர்ணனை ஓடும்.

பதிலுக்கு மேலே இருப்பவர்கள் நம்மைப் பார்க்கிறார்களா? பிள்ளைகள் டார்ச் அடித்துக் கை காட்டுகிறார்கள். டார்ச் வெளிச்சம் அங்கே போய்ச் சேராது, ஆனால் யோசனை ஒன்றும் மோசமில்லை. 1962 பிப்ரவரியில் ஜான் க்ளென் தனியாகப் பூமியைச் சுற்றியபோது ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்காரர்கள் வீட்டு விளக்கு, தெரு விளக்கு எல்லாவற்றையும் போட்டு வைத்தார்கள். அவர் பார்த்தார், விளக்குப் போட்டவர்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார். 2012 மார்ச்சில் டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரத்து வானியல் ஆர்வலர்கள் சக்தி வாய்ந்த விளக்குகளையும் ஒரு நீல லேசரையும் அணைத்து அணைத்துப் போட்டார்கள். நிலையத்துக்குள் இருந்த டான் பெட்டிட் அதைப் பார்த்துப் படமும் எடுத்தார். நாங்கள் அந்த அளவுக்குப் போகவில்லை. யாரும் போகவும் வேண்டாம், லேசரை வானத்தில் அடித்தால் விமானிகளுக்கு ஆபத்து. 

காதால் கேட்கலாம் என்பது மருமகன் கண்டுபிடித்த வழி. நிலையத்தில் ஹாம் ரேடியோ, அதாவது ஆர்வலர்கள் பொழுதுபோக்காகப் பேசிக்கொள்ளும் ரேடியோ இருக்கிறது, 145.800 மெகாஹெர்ட்ஸில் கீழே அனுப்புவார்கள். சில நாட்களில் குரலுக்குப் பதிலாகப் படம் அனுப்புவார்கள், ஒலியாகவே. ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம். அவன் பிளாஸ்டிக் குழாயில் தையற்காரர் டேப் இல்லை, தச்சர் வைத்திருக்கும் இரும்பு டேப்பைத் துண்டு துண்டாக வெட்டிக் கட்டி ஆன்டெனா செய்தான். அக்கா வீட்டில் அதற்கப்புறம் எதையும் அளக்க முடியவில்லை. மாடியில் அதைப் பிடித்துக்கொண்டு வண்டியின் திசையிலேயே திரும்பிக்கொண்டு நிற்க வேண்டும். ரேடியோவில் இரைச்சலுக்கு நடுவே கீச்சுக் கீச்சென்று ஒரு சத்தம் எழும். போனில் இருக்கும் ஆப் அந்தச் சத்தத்தைக் கேட்டு, மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகப் படத்தை வரையும். வண்டி நம்மை நோக்கி வரும்போது அலைவரிசை மூன்றரைக் கிலோஹெர்ட்ஸ் வரை கூடியும், விலகும்போது அதே அளவு குறைந்தும் இருக்கும். ரயில் ஹாரன் நம்மைக் கடக்கும்போது சுருதி இறங்குகிற அதே விதிதான். அவனுக்குக் கிடைத்த முதல் படத்தில் பாதி வெறும் கோடுகள். அதை அக்கா ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

நேரம் எப்படித் தெரிகிறது என்று எல்லாரும் கேட்கிறார்கள். நாசாவே ஒரு ஆப் வைத்திருக்கிறது. அக்கா பழைய ஆள், ஹெவன்ஸ் அபவ் தளத்தின் அட்டவணையைத்தான் நம்புவாள். ஆரம்பம், உச்சம், முடிவு மூன்றுக்கும் நேரமும் திசையும் உயரமும் இருக்கும். பார்க்க வேண்டியது அந்த உயரத்தைத்தான். 20 டிகிரி என்று போட்டிருந்தால் தென்னை மரத்துக்குப் பின்னாலேயே போய்விடும், படியேற வேண்டாம். 50க்கு மேல் என்றால் இட்லிக்கு வைத்த அடுப்பை அணைத்துவிட்டு வரலாம். கையை நீட்டி மடக்கினால் முஷ்டியின் அகலம் பத்து டிகிரி, அடிவானத்தில் இருந்து முஷ்டி மேல் முஷ்டியாக எண்ணிக்கொள்ளலாம்.

தினமும் வராது என்பது புதியவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். சில நாட்கள் மாலையில் வரிசையாக வரும். அப்புறம் ஆளே காணோம். பிறகு பார்த்தால் விடியற்காலையில் வந்துகொண்டிருக்கும். காரணம், பூமியின் இடுப்பு கொஞ்சம் பெருத்திருப்பதால் நிலையத்தின் சுற்றுப்பாதை நாளுக்கு ஐந்து டிகிரி மேற்கே நகர்கிறது. சூரியன் எதிர்ப்பக்கமாக, கிழக்கே, நாளுக்கு ஒரு டிகிரி நகர்கிறது. ஆக இரண்டுக்கும் நடுவில் நாளுக்கு ஆறு டிகிரி. அறுபது நாளைக்கு ஒரு தடவை அந்தச் சுற்று முடிந்து பழைய இடத்துக்கு வரும். மாமா இதைக் கேட்டதில் இருந்து பஞ்சாங்கக்காரர் மாதிரி ஆகிவிட்டார். காலண்டரில் ராகு காலத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டு, "அடுத்த மாசம் கடைசியில சாயங்காலம் பார்க்கலாம்" என்று தெருவில் போகிறவர்களுக்குச் சொல்கிறார். நேரம் மட்டும் அவ்வளவு முன்னால் துல்லியமாகச் சொல்ல முடியாது. 400 கிலோமீட்டர் உயரத்திலும் துளியூண்டு காற்று இருக்கிறது, அது பிடித்து இழுப்பதில் நிலையம் மெல்ல இறங்கும். அவ்வப்போது எஞ்சினைப் போட்டு மேலே தள்ளுவார்கள். தள்ளிவிட்டால் பழைய அட்டவணை குப்பை. அன்றன்றைக்குப் பார்ப்பதே உத்தமம்.

இந்த வாட்ஸ்அப் செய்திகளைப் பற்றி ஒரு வார்த்தை. "இன்று இரவு மட்டும்! அபூர்வக் காட்சி! இனி பல வருடங்களுக்குக் கிடைக்காது!" என்று ஒன்று வருஷா வருஷம் சுற்றும். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். வண்டியின் சிறப்பே அது அபூர்வம் இல்லை என்பதுதான். இன்று விட்டால் நாளை மறுநாள் வரும். 2000 நவம்பர் 2ஆம் தேதியிலிருந்து அதில் ஆள் இல்லாத நாளே கிடையாது. இருபது வயதுப் பிள்ளைகள் பிறந்ததில் இருந்தே யாரோ மேலே குடியிருக்கிறார்கள்.

ஆனால் 2025 ஜூன் கடைசி, ஜூலை மாதத்தில் எங்கள் மாடியில் இடம் இல்லாமல் போனது உண்மை. சுபான்ஷு சுக்லா உள்ளே இருந்தார். ராகேஷ் சர்மா 1984இல் சோவியத்தின் சல்யூட் 7 நிலையத்துக்குப் போனதற்குப் பிறகு விண்வெளிக்குப் போன முதல் இந்திய விமானப்படைக்காரர், இந்த நிலையத்துக்குள் கால் வைத்த முதல் இந்தியர். ஜூன் 26ஆம் தேதி போய்ச் சேர்ந்தார், ஜூலை 14 கிளம்பினார். அந்த நாட்களில் மொத்தம் 11 பேர் உள்ளே. பெங்களூரு, ஷில்லாங் மாணவர்களோடு ஹாம் ரேடியோவில் பேசினார். கோவையில் அந்த மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் வந்து குவிந்திருக்கும், அக்கா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இங்கே ஓரளவு தெளிவாக இருந்தது. கீழ்வீட்டு அம்மா வற்றல் எடுக்கும் சாக்கு இல்லாமலே வந்து நின்றது அப்போதுதான். பிள்ளைகள் "சுக்லா அங்கிள்" என்று கத்தினார்கள். வழக்கமாகப் பத்து நிமிடம் முன்னால் வருகிற மாமா அன்றைக்கு அரை மணி முன்னாலேயே நாற்காலியோடு வந்துவிட்டார். நான் போனில் படம் எடுக்கப் போனவர்களை எல்லாம் அதட்டினேன். போன் திரையில் கரும்பலகையில் சாக்பீஸ் புள்ளி வைத்த மாதிரி ஒன்று விழும், அதைப் பிடிக்கிற நேரத்தில் உண்மையானது போய்விடும்.

சில நாள் ஒன்றுக்கு இரண்டாக வரும். மேலே போகிற விண்கலம் நிலையத்தைச் சேர்வதற்குக் கொஞ்சம் முன்போ, பிரிந்த பிறகோ, பெரிய புள்ளிக்குப் பின்னால் சின்னப் புள்ளி ஓடும். 2023 நவம்பரில் விண்வெளி நடையின்போது ஒரு கருவிப் பை கை நழுவிப் போய்விட்டது. வெள்ளைப் பை. அதுவும் செயற்கைக்கோள் ஆகி, நிலையத்துக்கு முன்னால் சில நிமிட தூரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பைனாகுலர் வைத்திருந்தவர்கள் உலகம் முழுக்க அதைத் தேடிப் பிடித்தார்கள். மாமா ஆர்வமாகத் தேடினார், அகப்படவில்லை. "லைன்மேன் ஸ்பேனரைக் கீழே போட்டா மெமோ குடுப்பாங்க. இவங்களுக்கு என்ன குடுத்தாங்க?" என்பது அவர் விசாரணை.

இந்த வண்டிக்கும் கெடு வைத்துவிட்டார்கள். 2030 வரை ஓட்டுவது, அப்புறம் கீழே இறக்குவது. ஸ்கைலாப் மாதிரி விட்டுவிட மாட்டார்கள். இறக்குவதற்கென்றே ஒரு கலம் செய்ய நாசா 2024இல் ஸ்பேஸ்எக்ஸுக்கு 84 கோடியே 30 லட்சம் டாலர் வரைக்கும் ஒப்பந்தம் கொடுத்திருக்கிறது. பசிபிக்கில் எந்தக் கரைக்கும் எட்டாத நீமோ முனைப் பக்கம் விழ வைப்பார்கள். இதை மாமாவிடம் சொன்னபோது, கோழி எல்லாம் பத்திரமா என்று மட்டும் கேட்டார்.

அதற்குள் நாங்கள் டியாங்கோங்கைப் பழகிக்கொண்டிருக்கிறோம். சீனாவின் நிலையம், 2021 ஏப்ரலில் முதல் பகுதி போனது, 2022 கடைசியில் கட்டி முடித்தார்கள். நம்முடைய வண்டியைவிடச் சிறியது, வெளிச்சமும் ஒரு படி குறைவு. அதன் பாதை நிலநடுக்கோட்டுக்கு 41.5 டிகிரி சாய்வுதான், மற்றது 51.6. அதனால் லண்டன்காரர்களுக்கு அடிவானத்தை ஒட்டித்தான் போகும், நமக்கு உச்சி வழியாகவே வரும். அக்கா தன் நோட்டில் அதற்குத் தனிக் கோடு போட்டு 'சின்ன வண்டி' என்று எழுதிவிட்டாள். மாமா முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு வாட்சைப் பார்த்தார். நேரத்துக்கு வந்ததில் திருப்தி. இஸ்ரோ 2035க்குள் சொந்தமாக ஒரு நிலையம் கட்டத் திட்டம் வைத்திருக்கிறது. 'நம்ம வண்டி' என்று அதற்கு இப்போதே பெயரை எழுதி வைத்துவிடலாம் என்கிறாள் அக்கா. முதலில் வரட்டும், அது நேரத்துக்கு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம் என்கிறார் மாமா. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்தது கிடையாது, சண்டை முழுக்க என் போனில் ஸ்பீக்கரைப் போட்டுத்தான்.